கேண்டால்ஃபும் ஐரோவும் ஏன் அசடுகளாகத் தெரிகிறார்கள்?

கேள்வி: ஃபேண்டஸி கதைகளில் வரும் குருமார்கள் ஏன் பாதி நேரம் அசடுபோலவே நடந்துகொள்கிறார்கள்? சீடனைச் சோதிக்கப் போடும் வேடமா அது? கோல்லம் மீது கேண்டால்ஃப் காட்டிய இரக்கம் கடைசியில் பலித்தது அதிர்ஷ்டத்தால்தானே? அதைப் போய் ஞானம் என்று எப்படிச் சொல்வது? இதையெல்லாம் படிக்க, பார்க்க எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்:

வேடம் போடும் குருக்களும் இருக்கிறார்கள். 1980-இல் வந்த 'தி எம்பயர் ஸ்ட்ரைக்ஸ் பேக்' படத்தில் யோடா அறிமுகமாவதே அப்படித்தான். சதுப்புக்காட்டில் வந்து இறங்கிய லூக்கின் சாமான்களைக் கிளறி, ஒரு குட்டி விளக்குக்காக ரோபோவோடு மல்லுக்கட்டி, கெக்கெக்கே என்று சிரிக்கிறது ஒரு சின்ன உருவம். தான் தேடி வந்த மாபெரும் ஆசான் அதுதான் என்று லூக்குக்குத் தெரியாது. பொறுமையிழந்து கத்துகிறான். அந்த நொடியில் வேடம் கலைகிறது, குரலே மாறிவிடுகிறது. பையன் தேறவில்லை. அருமையான காட்சிதான். ஆனால் அங்கே அசட்டுத்தனம் ஒரு திரை. திரையை விலக்கினால் பின்னால் நாம் எதிர்பார்த்த அதே ஞானி உட்கார்ந்திருக்கிறார்.

உங்கள் கேள்விக்கான பதில் வேறு இரண்டு பேரிடம் இருக்கிறது. ஒருவர் 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் மந்திரவாதி கேண்டால்ஃப். இன்னொருவர் 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' அனிமேஷன் தொடரில் வரும் ஐரோ. இவர்களிடம் விலக்குவதற்குத் திரையே கிடையாது. மற்றவர்கள் எதை முட்டாள்தனம் என்கிறார்களோ அதைத்தான் இவர்கள் முழு மனதோடு செய்கிறார்கள். என் கட்சி இதுதான்: இவர்களுடைய இரக்கம் கெட்டுப்போகாமல் காப்பது அந்த அசட்டுத்தனமே. இரக்கம் மட்டும் போதாது. அதிகாரம் கையில் இருக்கும்போது இரக்கத்தைப்போல ஆபத்தானது வேறில்லை. 'உன் நன்மைக்குத்தான் செய்கிறேன்' என்று தொடங்காத கொடுங்கோன்மை குறைவு. அதிகாரத்தை வேண்டாம் என்று தள்ளிவிட்டு இரக்கத்தை மட்டும் வைத்துக்கொள்பவர், கணக்குப் போடத் தெரிந்தவர்களின் கண்ணுக்கு அசடாகத்தான் தெரிவார்.

கேண்டால்ஃபிடமிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த விஷயம் அவரிடத்தில்தான் ஆழமாக இருக்கிறது.

'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' 1954–55-இல் மூன்று பாகங்களாக வெளிவந்தது. அதன் இரண்டாம் அத்தியாயத்திலேயே கதையின் முடிவு தீர்மானமாகிவிடுகிறது என்று சொன்னால் மிகையில்லை. ஹாபிட் என்ற சின்ன மனிதர் இனத்து ஃப்ரோடோவின் வீட்டில் கணப்பருகே அவனும் கேண்டால்ஃபும் உட்கார்ந்திருக்கிறார்கள். தீய சக்தியான சௌரான் செய்த, வைத்திருப்பவரைக் கெடுக்கும் மந்திர மோதிரத்தைப் பல நூற்றாண்டுகள் வைத்திருந்து உருக்குலைந்துபோன கோல்லம் என்ற பிறவியைப் பற்றிக் கேண்டால்ஃப் சொல்கிறார். தனக்கு அந்த மோதிரத்தை விட்டுச்சென்ற உறவினர் பில்போவைப் பற்றிப் பேச்சு வர, 'கையில் வாள் இருந்தபோதே பில்போ அவனைக் குத்திக் கொன்றிருக்கலாமே' என்று ஆத்திரப்படுகிறான் ஃப்ரோடோ. 'இரக்கம்தான் பில்போவின் கையைப் பிடித்து நிறுத்தியது' என்கிறார் கேண்டால்ஃப். சாகத் தகுந்த பலர் உயிரோடிருக்கிறார்கள், வாழத் தகுந்த சிலர் செத்துப்போகிறார்கள். செத்தவர்களுக்கு உன்னால் உயிர் கொடுக்க முடியுமா? முடியாதென்றால் தீர்ப்பு என்ற பெயரில் சாவை அள்ளி வழங்கத் துடிக்காதே. மகா ஞானிகளுக்கும் எல்லா முடிவும் தெரிந்துவிடுவதில்லை என்கிறார். கோல்லம் திருந்துவான் என்ற பெரிய நம்பிக்கை தனக்கு இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறார்.

இந்தப் பேச்சை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அதே அத்தியாயத்தில் இன்னும் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. கோல்லம் உண்மையைச் சொல்ல மறுத்தபோது தானே அவனை நெருப்பைக் காட்டி மிரட்டிக் கதையைக் கறந்ததாகக் கேண்டால்ஃப் ஒப்புக்கொள்கிறார். ஆக இவர் வழவழா சாது கிடையாது. கோபம் வரும், கடுமையும் உண்டு. மிரட்டிக் கறந்த கதைக்குள்ளும் அவர் கேட்டது என்ன என்பதுதான் முக்கியம். ஆற்றங்கரையில் பாட்டியோடு வாழ்ந்த ஸ்மீகல் என்ற ஒருவன் அந்தக் கதைக்குள் இருக்கிறான், அவன் ஹாபிட்களுக்கு ஒருவகையில் உறவுக்காரன். கேண்டால்ஃபுக்கு அது கேட்டது. ஃப்ரோடோவுக்கு அருவருப்பாக இருக்கிறது. அந்த உறவையே மறுக்கிறான்.

இரண்டாவது விஷயம் இன்னும் பெரியது. பயந்துபோன ஃப்ரோடோ, 'நீங்கள்தான் அறிவும் வலிமையும் உள்ளவர், மோதிரத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்' என்று நீட்டுகிறான். கேண்டால்ஃப் துள்ளி எழுந்து மறுக்கிறார். மோதிரம் தன் நெஞ்சுக்குள் நுழைய இருக்கும் வழி இரக்கம் என்கிறார்: எளியவர்கள் மீதுள்ள இரக்கம், நன்மை செய்வதற்கு வலிமை வேண்டும் என்ற ஆசை. கோல்லத்துக்கு இரங்கச் சொன்ன அதே வாய்தான் இதையும் சொல்கிறது. தன்னிடமுள்ள மிகச் சிறந்த குணம்தான் தன்னை அரக்கனாக்கும் என்று தெரிந்துவைத்திருக்கிற ஒருவர் அவர். மோதிரத்தை மறுப்பது போர்க்கணக்கில் முட்டாள்தனம். அந்த முட்டாள்தனம் இல்லையென்றால் இந்த இரக்கம் இரண்டே தலைமுறையில் அடிமைச் சங்கிலியாகிவிடும்.

இந்த இரக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதையும் டோல்கீன் எழுதி வைத்திருக்கிறார். அவர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1977-இல் வெளியான 'தி சில்மரில்லியன்' நூலில், உலகத்துக்கு வருமுன் கேண்டால்ஃபின் பெயர் ஒலோரின். தன் இனத்தாரில் மிகுந்த ஞானமுள்ளவர். அவர் அடிக்கடி போய்வந்தது நியென்னா என்ற தேவியின் வீட்டுக்கு. நியென்னாவின் வேலையே அழுவதுதான். தனக்காக அழுவதில்லை, உலகத்தின் காயங்களுக்காக அழுகிறாள். அவளிடம்தான் ஒலோரின் இரக்கத்தையும் பொறுமையையும் கற்றார். 1980-இல் வந்த 'அன்ஃபினிஷ்டு டேல்ஸ்' தொகுப்பில் இதன் தொடர்ச்சி வருகிறது. சௌரானை எதிர்க்க யாரை அனுப்பலாம் என்ற பேச்சு வரும்போது, 'எனக்கு அந்த அளவு பலம் போதாது, சௌரான் என்றாலே பயம்' என்கிறார் ஒலோரின். 'அப்படியானால் நீ போவதற்கு அதுவே இன்னொரு காரணம்' என்கிறார் தலைமைத் தேவர். பயத்தை ஒப்புக்கொள்பவனைத் தேர்ந்தெடுக்கும் அந்த இடத்தைப் படித்த பிறகு கேண்டால்ஃபின் எந்தச் செயலும் எனக்குப் பழையபடி தெரியவில்லை.

அதே தொகுப்பில், கேண்டால்ஃபைப்போலவே மந்திரவாதியான, பின்னாளில் துரோகியான சாருமான் வரும் ஒரு சின்னக் காட்சி இருக்கிறது. மோதிரப் போருக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேல் முந்திய ஒரு சபை. எதிரியின் கோட்டையைத் தாக்கலாமா என்ற விவாதம். சாருமான் வேண்டாம் என்று நீளமாகப் பேசுகிறான். கேண்டால்ஃப் ஒரு ஓரத்தில் உட்கார்ந்து வாயே திறக்காமல் சுங்கான் புகைத்துக்கொண்டிருக்கிறார். 'பெரிய காரியம் பேசும்போது நெருப்பையும் புகையையும் வைத்து விளையாடுகிறாயே' என்று சாருமான் இடித்துரைக்கிறான். கேண்டால்ஃப் சிரித்துவிட்டு, இந்தப் புகை பொறுமையைத் தரும், தவறான பேச்சைக் கோபப்படாமல் கேட்க உதவும் என்று பதில் சொல்கிறார். பிறகு ஒரு பெரிய புகை வளையத்தையும் அதன் பின்னால் பல சின்ன வளையங்களையும் ஊதிவிட்டு, அவற்றைப் பிடிப்பதுபோல் கையை நீட்டுகிறார். வளையங்கள் மறைந்துவிடுகின்றன. எழுந்து போய்விடுகிறார். மோதிரங்களைப் பற்றித்தான் இவன் ஏதோ குறிப்புக் காட்டுகிறான் என்ற சந்தேகம் சாருமானைப் பிடித்துக்கொள்கிறது.

வெளியே இப்படி ஏளனம் செய்த சாருமான் ரகசியமாக ஹாபிட்கள் வாழும் ஷயரிலிருந்து அதே புகையிலையை வரவழைத்துப் புகைக்கத் தொடங்கியிருந்தான். பின்னாளில் வெள்ளத்தில் மூழ்கிய அவன் கோட்டையில் ஃப்ரோடோவின் ஹாபிட் நண்பர்களான மெர்ரியும் பிப்பினும் ஷயர் புகையிலைப் பீப்பாய்களைக் கண்டெடுப்பது இதன் தொடர்ச்சிதான். கேண்டால்ஃப் ஷயருக்குப் போனது அந்தச் சின்ன மனிதர்கள் மீதிருந்த பிரியத்தால். அங்கே அவருக்கு வாணவேடிக்கைக்காரர் என்றுதான் பெயர். சாருமான் போனது உளவு பார்க்க, அதுவும் மாறுவேடத்தில். ஒரே செடி, ஒரே ஊர். கேண்டால்ஃபுக்கு அங்கே நண்பர்கள் கிடைத்தார்கள். சாருமானுக்குச் சரக்கு கிடைத்தது.

எல்ஃப் இனத் தலைவர் எல்ரோண்டு மோதிரத்தைப் பற்றிப் பேசக் கூட்டிய சபையில் இது வெளிப்படையாகவே பேசப்படுகிறது. மோதிரத்தை எதிரியின் நாட்டுக்குள்ளேயே கொண்டுபோய் அழிப்பது என்ற யோசனையை அங்கே ஒருவர் விரக்தி என்கிறார், அறிவீனம் என்கிறார். 'அறிவீனமே நமக்குப் போர்வையாக இருக்கட்டும்' என்று கேண்டால்ஃப் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறார். சௌரான் புத்திசாலி, எல்லாவற்றையும் நுணுக்கமாக எடைபோடுபவன்; ஆனால் அவனிடமிருக்கும் ஒரே எடைக்கல் அதிகார ஆசை. மோதிரம் கிடைத்த ஒருவர் அதை வேண்டாம் என்பார் என்ற நினைப்பே அவன் மனதில் எழாது. இதை வெறும் போர்த்தந்திரமாகப் படிப்பவர்கள் உண்டு. தந்திரமாகவும் அது நல்ல தந்திரம்தான். ஆனால் இந்தத் தந்திரத்தைப் பயன்படுத்த வேண்டுமென்றால் உண்மையாகவே அதிகாரத்தை விட்டவனாக இருக்க வேண்டும். விட்டதுபோல் நடித்தால் மோதிரம் முதல் வாரத்திலேயே கண்டுபிடித்துவிடும்.

அதே ஊரில் பயணத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும்போது எல்ரோண்டுக்கு மெர்ரியையும் பிப்பினையும் அனுப்ப மனமில்லை. இந்தக் காரியத்தில் பெரிய அறிவை நம்புவதைவிட இவர்களின் நட்பை நம்பலாம் என்று கேண்டால்ஃப் வாதாடுகிறார். அந்தப் பிப்பின் மோரியா சுரங்கத்தில் என்ன செய்தான்? கிணற்றுக்குள் கல்லைப் போட்டான். கீழே ஆழத்திலிருந்து சுத்தியல் தட்டுவதுபோல் பதில் சத்தம் கேட்டது. 'முட்டாளே, அடுத்த முறை நீயே குதித்துத் தொலை' என்ற பொருளில் கேண்டால்ஃப் பொரிந்து தள்ளி, தண்டனையாக முதல் காவலையும் அவன் தலையில் கட்டுகிறார்.

படித்துக்கொண்டு போகிறவர்கள் அதற்கடுத்த பத்தியைத் தாண்டிவிடுவார்கள். கும்மிருட்டில் கிணற்றைப் பார்த்தபடி பிப்பின் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். ஒரு மணி நேரம் கழித்துக் கேண்டால்ஃப் எழுந்து வருகிறார். 'போய் ஒரு மூலையில் படுத்துத் தூங்கு, தம்பி. எனக்கு எப்படியும் தூக்கம் வரவில்லை, நானே காவல் இருக்கிறேன்' என்று அனுப்பிவிடுகிறார். தனக்கு என்ன கோளாறு என்பது இப்போதுதான் புரிகிறது, ஒரு புகை போட்டால் சரியாகிவிடும் என்று முணுமுணுத்துக்கொள்கிறார். தூங்குமுன் பிப்பின் கடைசியாகப் பார்ப்பது, தரையில் குறுகி உட்கார்ந்து, முட்டிகளுக்கு நடுவில் தணலைக் கையால் மறைத்தபடி சுங்கான் பற்றவைக்கும் ஒரு கிழவரை. மன்னிப்பு என்ற பேச்சே அங்கு எழவில்லை. திட்டிய வாயும் அந்தக் கையும் ஒரே ஆளுடையவைதான். கேண்டால்ஃபை எனக்கு யாராவது மூன்று வரியில் காட்டச் சொன்னால் இந்த இடத்தைத்தான் எடுத்துக் கொடுப்பேன்.

இனி அதிர்ஷ்டம் என்ற உங்கள் வாதத்துக்கு வருகிறேன்.

மோதிரத்தை அழிக்கப் போன எரிமலை விளிம்பில் ஃப்ரோடோ தோற்றுப்போகிறான். மோதிரம் என்னுடையது என்று அறிவித்து விரலில் மாட்டிக்கொள்கிறான். கோல்லம் பாய்ந்து விரலோடு கடித்தெடுத்து, ஆனந்தத்தில் கால் தவறி நெருப்பில் விழுகிறான். உலகம் பிழைக்கிறது. கால் தவறியது தற்செயல், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கோல்லம் அங்கே இருந்தது தற்செயல் இல்லை. பில்போ ஒருமுறை விட்டான். காட்டு எல்ஃப்கள் சிறை வைத்திருந்தபோது, கேண்டால்ஃப் சொன்னதை மதித்து, இருட்டறையிலேயே அடைத்துவைக்க மனம் வராமல் மரமேற விட்டார்கள். கோண்டோர் நாட்டுத் தளபதி ஃபராமிர் கொல்லத் தயாரானபோது ஃப்ரோடோ குறுக்கே நின்றான். கடைசியாக, மலைச்சரிவில் வாளோடு நின்ற சாம், ஃப்ரோடோவின் துணையாள். கொஞ்ச காலம் மோதிரத்தைத் தானும் சுமந்துவிட்டதால் கோல்லத்தின் வேதனை எப்படிப்பட்டது என்று அவனுக்கு மங்கலாகப் புரிந்துவிடுகிறது, வெட்ட முடியவில்லை. இத்தனை பேர் அடுத்தடுத்து அசடுகளாக நடந்துகொண்டதால்தான், எந்த வீரனாலும் முடியாத காரியம் நடக்க வேண்டிய நேரத்தில் அங்கே இன்னொரு உயிர் இருந்தது.

இதற்கு விலை கொடுக்கவில்லை என்று நினைக்க வேண்டாம். மரமேற விட்ட அன்று அரக்க இனத்து ஓர்க்குகள் தாக்கின, காவலர்கள் செத்தார்கள், கோல்லம் தப்பினான். காட்டு எல்ஃப் லெகொலாஸ் அந்தச் செய்தியைச் சபையில் சொல்லும்போது குள்ளர் இனத்து க்ளோயின், 'எங்களைச் சிறை வைத்தபோது இவ்வளவு மென்மை காட்டவில்லையே' என்று குத்திக் காட்டுகிறார். நியாயமான குத்தல். அந்த நேரத்தில் கணக்குப் பார்த்தால் இரக்கம் நட்டம்தான். கேண்டால்ஃப் சமாதானம் எதுவும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. அவன் இனியும் ஏதாவது ஒரு பங்கு ஆற்றக்கூடும் என்று மட்டும் சொல்கிறார்.

டோல்கீனே 1956-இல் எழுதிய ஒரு கடிதத்தில் இதைப் பேசியிருக்கிறார். கோல்லம் துரோகம் செய்வான் என்று விவேகமுள்ள எவரும் ஃப்ரோடோவிடம் எந்தக் கட்டத்திலும் சொல்லியிருப்பார்கள். அவனுக்கு இரங்கியது ஒன்று முட்டாள்தனம், இல்லையென்றால் இரக்கத்துக்கு அதனளவிலேயே மதிப்பு உண்டு என்ற நம்பிக்கை, இந்த உலகத்தில் அது நாசத்தில் முடிந்தாலும் சரி. கதையை எழுதியவரே 'பலித்ததால் சரி' என்று சொல்லவில்லை, பாருங்கள். பலிக்காமல் போயிருந்தாலும் அது சரிதான் என்பது அவர் நிலை. முடிவை வைத்து இரக்கத்தை எடைபோட்டால் நாமும் சௌரானின் தராசைத்தான் கையில் எடுக்கிறோம்.

எதிர்ப்பக்கத்து உதாரணமும் கதைக்குள்ளேயே இருக்கிறது. எதிரி நாட்டு எல்லையிலுள்ள கிரித் உங்கோல் படிக்கட்டில் ஃப்ரோடோவும் சாமும் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். திரும்பி வந்த கோல்லம் அவர்களைப் பார்க்கிறான். அவன் முகம் மாறுகிறது. களைத்துப்போன கிழவனாகத் தெரிகிறான். நடுங்கும் கையால் ஃப்ரோடோவின் முழங்காலைத் தடவுகிறான், ஏறக்குறைய கொஞ்சுவதுபோல. அப்போது சாம் விழித்துக்கொண்டு, என்ன திருட்டுத்தனம் செய்கிறாய் என்று எரிந்து விழுகிறான். அவ்வளவுதான். அந்தக் கிழவன் மறைந்துபோகிறான், பழைய கோல்லம் திரும்பிவிடுகிறான். சாம் செய்ததில் தவறு கண்டுபிடிக்க முடியாது. சந்தேகப்பட அவனுக்கு எல்லாக் காரணமும் இருந்தது. கதையிலேயே மிகத் துயரமான கணம் அதுவாக இருக்கலாம் என்று டோல்கீன் பின்னொரு கடிதத்தில் எழுதினார். புத்திசாலித்தனம் சரியாக வேலை செய்து ஓர் ஆளை இழந்த இடம் அது.

ஐரோவின் கதை தலைகீழாகத் தொடங்குகிறது. கேண்டால்ஃபுக்கு இரக்கம் உலகத்துக்கு வருமுன்பே வாய்த்தது. ஐரோவுக்குக் கொலைகளுக்குப் பிறகுதான் வந்தது.

2005 முதல் 2008 வரை மூன்று சீசன்களாக ஒளிபரப்பான தொடர் அது. குழந்தைகளுக்கானது என்று ஒதுக்கிவிடாதீர்கள். முதல் சீசனில் ஐரோ என்றால் தொந்தி, தேநீர், வெந்நீர்க்குளம், தூக்கம். நாடு கடத்தப்பட்ட தம்பி மகன் ஜூக்கோ நான்கு பூதங்களையும் ஆளும் அவதார் என்பவரைத் தேடி வெறியோடு அலையும்போது, இந்தப் பெரியப்பா, காணாமல்போன ஒரு பலகை விளையாட்டுக் காய்க்காகக் கப்பலையே திசை திருப்பச் சொல்கிறார். உறவைச் சொல்லிவிடுகிறேன்: ஓசாய் ஜூக்கோவின் அப்பா, ஐரோவின் தம்பி, முறைப்படி மூத்தவரான ஐரோவுக்கு வர வேண்டிய சிம்மாசனத்தில் உட்கார்ந்திருப்பவன். அந்தக் காய் ஒரு ரகசியச் சங்கத்தின் அடையாளம் என்பது பிறகு தெரியவருகிறது. ரசிகர்கள் இதை வைத்து 'எல்லாமே வேடம்தான்' என்பார்கள். நான் ஒப்பவில்லை.

ஒப்பாததற்குக் காரணம் இரண்டாம் சீசனின் தொடக்கத்தில் வரும் செடி. காட்டில் ஒளிந்து திரியும்போது ஐரோ ஒரு பூச்செடியைப் பார்க்கிறார். அது தேவாமிர்தம் போன்ற தேநீர் தரும் செடி, அல்லது அதைப்போலவே இருக்கும் விஷச்செடி. எது என்று அவருக்குத் தெரியவில்லை. ஆசை அடக்க முடியாமல் காய்ச்சிக் குடித்துவிடுகிறார். உடம்பெல்லாம் தடித்து வீங்கிவிடுகிறது. இதில் எந்த ரகசியத் திட்டமும் இல்லை, சுத்தமான அசட்டுத்தனம். ஆனால் அதனால் என்ன நடக்கிறது? மருந்துக்காக இருவரும் எதிரி நாட்டு ஊர் ஒன்றுக்குப் போகிறார்கள். மருத்துவம் பார்க்கும் பெண் வீட்டுக்கு அழைத்துச் சாப்பாடு போடுகிறாள். ஜூக்கோவின் நாட்டுப் படை தன் காலில் இட்ட தீக்காயத்தை அவனுக்குக் காட்டுகிறாள். தன் நாடு யாரை எரித்தது என்பதை இளவரசன் முதன்முறையாக ஒரு சாப்பாட்டுக்குப் பிறகு, முகத்துக்கு நேராகப் பார்க்கிறான். அன்றிரவே அவள் வீட்டு வாகனப் பறவையைத் திருடிக்கொண்டு போகிறான் என்பதும் உண்மை. ஒரே நாளில் யாரும் திருந்திவிடுவதில்லை என்பதில் அந்தத் தொடர் நேர்மையாக இருக்கிறது.

ஐரோ ஒருகாலத்தில் பெயர்போன தளபதி. பா சிங் சே என்ற மாநகரை 600 நாள் முற்றுகையிட்டு வெளிமதிலை உடைத்தவர். அந்தக் காலத்தில் அவர் வீட்டுக்கு எழுதிய கடிதம் ஒன்று தொடரில் வாசிக்கப்படுகிறது. இந்த நகரத்தை நீங்களும் ஒருநாள் பார்க்கலாம், அதற்குள் நாங்கள் எரித்துத் தரைமட்டமாக்காமல் இருந்தால், என்று நகைச்சுவையாக எழுதுகிறார். குழந்தைகள் ஜூக்கோவும் அவன் தங்கை அஸூலாவும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அது புத்திசாலி ஐரோ. மகன் லூ டென் அந்தப் போரில் சாகிறான். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது ஐரோ முற்றுகையைக் கைவிட்டுத் திரும்புகிறார். சிம்மாசனம் தம்பிக்குப் போகிறது, இவர் சண்டையிடவில்லை. குடும்பமே இவரைக் கையாலாகாதவர் என்கிறது. பின்னாளில் எரிப்பதாகக் கேலி எழுதிய அதே நகரத்துக்குள் அகதியாக நுழைந்து, தேநீர் விற்றுப் பிழைக்கிறார்.

அந்த நகரத்தில் அவர் கழிக்கும் ஒரு பகல் 2006-இல் ஒளிபரப்பான 'தி டேல்ஸ் ஆஃப் பா சிங் சே' பகுதியில் வருகிறது. அழும் குழந்தைக்குப் பாடுகிறார். பந்தால் ஜன்னலை உடைத்த சிறுவர்களிடம் தவறை ஒப்புக்கொள்வதே நல்லது என்று உபதேசம் தொடங்குகிறார். உள்ளேயிருந்து ஒரு முரடன் எட்டிப்பார்த்ததும், இந்த முறை வேண்டாம், ஓடுங்கள் என்று தானும் சேர்ந்து ஓடுகிறார். சந்தில் ஒருவன் கத்தியை நீட்டிப் பணம் கேட்கிறான். நீ நிற்கும் முறையே சரியில்லை என்று அவனைக் கீழே தள்ளிக் காட்டி, தூக்கிவிட்டு, எப்படி நிற்க வேண்டும் என்று கற்றுக்கொடுக்கிறார். திருடனிடம் திருடும் நிலையைத் திருத்துவது என்ன புத்தி? ஆனால் அடுத்து இருவரும் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்கள். நல்ல மசாஜ்காரனாக வரலாம் என்று அவனுக்குத் தோன்றுகிறது, இதுவரை யாரும் தன்னை நம்பியதில்லை என்கிறான். அந்த ஆள் கதையில் திரும்ப வருவதே இல்லை. அவனால் ஐரோவுக்கு எந்த லாபமும் கிடையாது. மாலையில் குன்றின்மேல் மகனின் படத்தை வைத்து, அவன் பிறந்தநாளுக்காகப் பாடி, உடைந்து அழுகிறார். பகல் முழுக்க ஊரார் பிள்ளைகளுக்குச் செய்ததெல்லாம் எங்கிருந்து வந்தது என்று அப்போது தெரிகிறது. ஐரோவுக்குக் குரல் கொடுத்த மாகோ அந்த ஆண்டுதான் காலமானார்; அந்தப் பகுதி அவருக்கே அர்ப்பணிக்கப்பட்டது.

ஐரோவின் இரக்கத்துக்குக் கறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. பதின்மூன்று வயது ஜூக்கோவின் முகத்தை அவன் அப்பா எரித்த அன்று ஐரோவும் அரங்கில் இருந்தார். தான் முகத்தைத் திருப்பிக்கொண்டதாக அவரே சொல்கிறார். போர்ச்சபைக்குள் பையனை அழைத்துப்போனதும் அவர்தான். அதன் பிறகு ஜூக்கோ எத்தனை திட்டியும், கடைசியில் தன்னைக் காட்டிக்கொடுத்துச் சிறையில் தள்ளியும், அவர் அவனை விடாததில் இந்தக் குற்ற உணர்வுக்கும் பங்கிருக்கிறது என்று நினைக்கிறேன். ஜூக்கோ கூடாரத்துக்கு வந்து மன்னிப்புக் கேட்க வாயெடுக்கும்போது, அவன் முடிக்குமுன்பே இழுத்து அணைத்துக்கொள்கிறார். உன்மேல் எனக்குக் கோபமே வரவில்லை, நீ வழி தவறிவிட்டாயோ என்று பயந்து வருந்தினேன் என்கிறார். உடனே ஜூக்கோ கேட்பது அரசியல்: நீங்களே ஓசாயை வீழ்த்தி அரியணை ஏறலாமே? ஐரோ மறுக்கிறார். அண்ணன் தம்பியைக் கொன்று அதிகாரம் பிடித்தான் என்றுதான் வரலாறு சொல்லும் என்கிறார். கேண்டால்ஃப் மோதிரத்தைத் தள்ளியதுபோலவே இதுவும்.

ஹாரி பாட்டர் படிக்கும் மந்திரப் பள்ளியின் தலைமையாசிரியர் டம்பிள்டோரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவர் இவர்கள் இருவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர். 1997-இல் வந்த முதல் ஹாரி பாட்டர் நூலில் வரவேற்புரை என்ற பெயரில் அர்த்தமில்லாத நான்கு சொற்களைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவார். இவர் கொஞ்சம் கிறுக்கா என்று ஹாரி கேட்பான். இளமையில் 'பெரும் நன்மைக்காக' என்ற வாசகத்தில் மயங்கி உலகை ஆளக் கனவு கண்டவர், அதனால் தங்கையையே இழந்தவர். பிறகு மந்திரிப் பதவியைத் திரும்பத் திரும்ப மறுத்தார், அதிகாரம் தன்னிடம் இருக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டதால். ஆனால் பதவியை விட்டவர் திட்டம் போடுவதை விடவில்லை. ஹாரியைப் பலிக்காகவே வளர்த்தீர்களா என்று அவர் பள்ளி ஆசிரியர் ஸ்நேப் அதிர்ந்துபோய்க் கேட்கும் இடம் 2007-இல் வந்த கடைசி நூலில் இருக்கிறது. ஐந்தாவது நூலில் அவர் சொல்வது இன்னொன்று: ஹாரியிடம் உண்மையைச் சொல்லாமல் தள்ளிப்போட்டதற்குக் காரணம், அவன் சந்தோஷம் தனக்குத் திட்டத்தைவிட முக்கியமாகிப்போனது, அன்பு வைக்கும் முட்டாள்கள் எப்படி நடப்பார்கள் என்று எதிரி எதிர்பார்த்தானோ அப்படியே நடந்துவிட்டேன் என்கிறார். அதைத் தன் தவறாகத்தான் அவர் சொல்கிறார். அவர் அந்தப் பையனுக்குச் செய்தவற்றில் எனக்கு மறுப்பில்லாதது அந்த ஒரு முட்டாள்தனம்தான்.

எங்கே தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். டோல்கீனில் முதல் பாகத்தின் இரண்டாம் அத்தியாயத்தைப் படித்துவிட்டு, எல்ரோண்டின் சபைக்குப் போங்கள். பிறகு இரண்டாம் பாகத்தில் ஃப்ரோடோ கோல்லத்தை முதன்முறை நேரில் பிடிக்கும் அத்தியாயம். கேண்டால்ஃபின் பழைய வார்த்தைகள் அங்கே அவன் காதில் திரும்ப ஒலிக்கின்றன, 'இப்போது பார்த்துவிட்டேன், இரக்கமாகத்தான் இருக்கிறது' என்கிறான். மூன்றாம் பாகத்தில் கோண்டோர் முற்றுகை அத்தியாயத்தில் அந்நாட்டு ஆட்சியாளர் டெனத்தோர், ஒரு ஹாபிட்டிடம் மோதிரத்தைக் கொடுத்து அனுப்பியது பைத்தியக்காரத்தனம் என்று கேண்டால்ஃபிடம் சீறும் வாக்குவாதத்தைத் தவறவிடாதீர்கள். 'நீங்கள் கோண்டோரை மட்டும் நினைக்கிறீர்கள். எனக்கு எதிரியின் அடிமைகள் மீதுகூட இரக்கம் உண்டு' என்று அவர் பதில் சொல்வது அங்கேதான். அவதாரில் முதல் சீசனின் 'தி ஸ்டார்ம்', பிறகு நான் சொன்ன பா சிங் சே பகுதி, கடைசி சீசனின் 'தி ஓல்டு மாஸ்டர்ஸ்' என்ற வரிசையில் பாருங்கள். நேரமிருந்தால் முதலிலிருந்தே பார்ப்பது நல்லது. ஐரோவை முதல் சில பகுதிகளில் நாமும் வெறும் தேநீர்ப் பைத்தியம் என்று நினைக்க வேண்டும்.